குத்தவைத்திருப்பவளை முதலில் எடுத்த ஆவுடைத்தாய் அம்மையாருக்கு

ஏழாயிரம்பண்ணைக் கிழக்குக் காட்டில், முப்பத்தெட்டு ஆண்டுகள் வெடிமருந்தோடும் மனிதரோடும் மல்லுக்கட்டி, இன்று மாலை ஐந்து மணிச் சங்கோடு பணி நிறைவு பெறும் எங்கள் போர்மேன், பந்து விளையாடத் தெரியாமலே பந்தாட்ட அணியைப் படைத்த பெருமாட்டி, திருமதி ஆவுடைத்தாய் அவர்களுக்கு, பட்டாசு ஆலைப் பணியாளர்களும் பேஸ்பால் அணிப் பெண்களும் பாசத்தோடும், அதைவிடக் கூடுதலான பதற்றத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

அச்சத்தை எங்களுக்கு அரணாக்கிய அம்மையே!

இப்படிப்பட்ட மடல்களில் சந்தனமும் பன்னீரும் மணக்க வேண்டும் என்பார்கள். எங்களுக்கு மருந்து வாடைதான் பழக்கம். தங்களைப் பிரியும் வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த நிமிடம் அதைவிடப் பெரிதாக இருப்பது பயம். அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்து எழுதினால், மாலையும் கழுத்துமாகப் பாதியிலேயே எழுந்து நின்று, “எதுக்குத்தா இம்புட்டுப் பொய்யி?” என்று கேட்டுவிடுவீர்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கு முந்திய செவியே!

இருபது வயதில், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க வாசலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தீர்கள். சரம் பின்னினீர்கள், திரி வெட்டினீர்கள், மருந்து அறையில் சல்லடை பிடித்தீர்கள். பெண்ணொருத்தி போர்மேனா என்று ஆண்கள் முகம் சுளித்த காலத்தில், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி வந்து அந்த முகங்களுக்கு எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டினீர்கள். அன்று முதல் இன்று வரை புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் முதல் நாள் தாங்கள் சொன்னது மூன்றே சொல்: எறியாதே, இழுக்காதே, கீழே போடாதே. அதற்குப் பிறகு நான்காவதாக ஒன்று.

“ஏத்தா, சத்தம் கேட்டா ஓடு. என்ன ஏதுன்னு திரும்பிப் பாக்காத. வேடிக்கை பாக்க நாளைக்கு நாளு இருக்கு.”

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு பதினேழாம் நம்பர் அறை வெடித்துப் போனது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். அந்த இடம் இன்று வெறும் தரை. அந்த நான்கு பேரும் இந்தப் பந்தலில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் பணிக்காலத்துக்கு இதைவிடப் பெரிய பட்டம் எழுத எங்களுக்குத் தெரியவில்லை.

பகையில்லாத ஆட்டத்தைப் பண்ணைக் காட்டில் பயிரிட்ட பண்பே!

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கிற ஒரு மாதம் பெண்களுக்கும் ஏதாவது ஆட்டம் வைக்கலாம் என்று முதலாளிகள் எட்டாண்டுக்கு முன் பேசினார்கள். கிரிக்கெட் என்றால் ஊருக்கு ஊர் பழைய பகையும் மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். அப்போதுதான் எங்கள் முதலாளியின் மகன் வெளிநாட்டுப் படிப்பு முடித்து, இரண்டு சாக்கு நிறைய கிளவுசும் உருட்டு மட்டையும் கொண்டு வந்தார். பேஸ்பால் என்றார். “இதுல யாருக்கும் பழைய சண்டை இல்லையே?” என்று கேட்டீர்கள். “யாருக்கும் ஆட்டமே தெரியாதே அக்கா” என்றார். “அப்ப இதையே வைங்க” என்றீர்கள்.

அப்படித்தான் ஏழு கம்பெனிக்கு ஏழு பெண்கள் அணி வந்தது. அதோடு இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வழக்கமும் வந்தது. ஒரு கம்பெனி உரிமம் போய்ப் பூட்டினால், அதன் ஆட்டக்காரிகளை மற்றக் கம்பெனிகள் முறை வைத்து ஆளுக்கு ஒருத்தியாக எடுத்துக்கொள்ளும். கடைசி இடத்தில் இருக்கிற அணிக்கு முதல் முறை. எடுத்த கம்பெனி அவளுக்கு வேலையும் கொடுக்க வேண்டும். எடுபடாதவள் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அந்த மேசையில் உட்கார்ந்து ஒரு பெயரைச் சொல்வதென்றால், ஆட்டத்துக்கு ஆள் எடுப்பது பாதி, ஒரு வீட்டில் அடுப்பு எரிவது மீதி.

இனி இந்த மடலின் சங்கதிக்கு வருகிறோம்.

ஐந்தாண்டுக்கு முன் நம் அணி சிதறிக் கிடந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் நம் கம்பெனியை மூன்று மாதம் பூட்டியதில் ஐந்து நல்ல ஆட்டக்காரிகள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அடுத்து தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி பூட்டியது. முதல் முறை நமக்கு வந்தது. அந்த அணியில் பந்து எறிகிற பெண்ணொருத்தி இருந்தாள். அவள் பந்தை மட்டையால் தொட்டவளே கிடையாது. எல்லாக் கம்பெனியும் அவள் பெயரைத்தான் உச்சரித்துக்கொண்டிருந்தது.

தாங்கள் எழுந்து, “ராமுத்தாயி” என்றீர்கள்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. ராமுத்தாய், கேட்சர். அதாவது மட்டைக்காரிக்குப் பின்னால் முகத்தில் கம்பிக்கூண்டை மாட்டிக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, எறிகிற பந்தைப் பிடிக்கிறவர். ஓடி அடிக்கிற ஆளல்ல, எறிந்து மிரட்டுகிற ஆளுமல்ல. திரும்பி வருகிற வழியில் வேன் ஓட்டுநர் மணிமுத்து வாயை அடக்க மாட்டாமல் கேட்டார்:

“எக்கா, மொத முறைய கைல வச்சுக்கிட்டு, போயும் போயும் குத்தவச்சு இருக்கிறவளப் போயி எடுத்திருக்கீகளே! அங்கன ஒரு சாக்கு மூட்டையக் கெடத்தினா அது பந்தத் தடுத்துக்கிருமே!”

“ஏலே மணிமுத்து, ஒன் வேன்ல மொதல்ல என்னத்தலே மாட்டுவ? ஹாரனையா, பிரேக்கையா?”

“ரெண்டும் இல்லாமத்தானக்கா நாலு வருசமா ஒங்கள ஏத்திக்கிட்டு வாரேன்.”

வேனே குலுங்கியது. தாங்களும் சிரித்தீர்கள். ஆனால் இறங்குமுன் எங்களுக்கு விளக்கிச் சொன்னீர்கள். எறிகிறவள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறாள், பாண்டிச்செல்வி. அவள் கையில் வேகமும் இருக்கிறது. அந்த வேகத்தை அவள் காட்டுவதில்லை. ஏன்? பின்னால் பிடிக்க ஆளில்லை. விட்ட பந்து வேலி வரை உருளும். அதற்குள் எதிரணிக்காரி ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு கட்டத்தில் ஒன்றைத் தாண்டிவிடுவாள். அதனால் அவள் சோற்றுருண்டை கொடுப்பதுபோல மெல்ல எறிகிறாள், எதிரணி வெளுத்து வாங்குகிறது. “பிடிக்க ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சாத்தான் எறியிறவளுக்குக் கை நீளும். ஒருத்திய எடுத்து ரெண்டு பேரச் சரி பண்ணிருக்கேன், போங்க” என்றீர்கள். அடிக்கிறவள் ஒரு ஆட்டத்துக்கு நான்கு தடவை மட்டையோடு வருவாள். பிடிக்கிறவள் எறிகிற அத்தனை பந்துக்கும் உண்டு. மற்ற எட்டுப் பேரும் மட்டைக்காரியைப் பார்த்து நிற்பார்கள். கேட்சர் ஒருத்திதான் அந்த எட்டுப் பேர் முகத்தையும் பார்த்து உட்கார்ந்திருப்பவள். யார் பயந்திருக்கிறாள், யார் அசந்திருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். இடிந்த வீட்டைக் கட்டுகிறவன் முதலில் வாசல் நிலையைத்தான் நிறுத்துவான், திரைச்சீலை வாங்க மாட்டான் என்றும் சொன்னீர்கள். எங்களுக்கு அன்று பாதிதான் விளங்கியது.

ராமுத்தாயின் முதல் ஆட்டம். எதிரணிக்காரி அடித்த பந்து பறந்துபோய்த் தகரக் கொட்டகையில் ‘டமார்’ என்று மோதியது.

அடுத்த நொடி மைதானத்தில் ஆளில்லை.

தாங்கள் பழக்கிய பழக்கம் அப்படி. நாங்கள் ஓடினோம். எதிரணியும் ஓடியது. அம்பயர் ஓடினார். அடித்தவளும் ஓடினாள், ஆனால் கட்டத்தை நோக்கியல்ல, கேட்டை நோக்கி. தாங்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனீர்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பிக்கூண்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாக நடந்துபோய்ப் பந்தை எடுத்துவந்து, அடித்தவள் வந்து சேர்ந்திருக்க வேண்டிய கட்டத்தின்மேல் நின்றுகொண்டு கத்தியவர் ராமுத்தாய் ஒருவர்தான்:

“எங்கத்தா எல்லாரும் போறீக? பந்து இங்கனல்ல கெடக்கு!”

மட்டைக்காரி அவுட். அதைச் சொல்ல வேண்டிய அம்பயர் ரோட்டைத் தாண்டி நின்றிருந்தார்.

எல்லோரும் ராமுத்தாயைத் தோளில் தட்டினோம். தாங்கள் தட்டவில்லை. தனியே கூப்பிட்டுச் சொன்னீர்கள்: “இங்கன நீ ஓடாம இருந்தது எனக்குக் கும்பிடணும்போல இருக்கு. ஆனா ஓடாத ஆள நான் மருந்து அறைக்குள்ள விட மாட்டேன். நாளையில இருந்து நீ பேக்கிங்.” ஆட்டத்துக்கு எடுத்தவளை ஆட்டக்காரியாக மட்டும் பார்க்காத அந்தக் கண்ணுக்கு, அம்மையே, எந்தச் சொல்லை மாலையாகக் கட்டுவது?

அந்த ஆண்டு நாம் ஜெயித்துவிட்டோமா என்றால், இல்லை. பத்து ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. கம்பெனிக்குள் தங்களை ஏசாத வாயில்லை. இந்த மடலில் கையெழுத்துப் போட்டிருக்கிற நாங்களும் ஏசினோம், மன்னியுங்கள். அடுத்த ஆண்டு பாண்டிச்செல்வியின் கை நீண்டது. பாதி ஆட்டம் நமக்கு. மூன்றாம் ஆண்டு இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். நான்காம் ஆண்டு கோப்பை. மருந்து அறை தவிர எல்லா அறைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து அறை வாசலில் தாங்கள் கையை நீட்டி மறித்து, “உரசினா பொறி பறக்கும், கோப்பைய வெளியில வச்சுட்டு வாங்க” என்றீர்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறோம்.

ராமுத்தாயின் முழங்கால் போய்விட்டது. ஐந்து ஆண்டு, ஆயிரக்கணக்கான பந்து; ஒவ்வொன்றுக்கும் குத்தவைத்து எழுந்த முழங்கால். இனி குத்தவைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கேட்சரை முதலில் எடுப்பதில் உள்ள நட்டம் இதுதான். அதையும் எழுதாமல் விட்டால் நாங்கள் யோக்கியர்கள் இல்லை. அவர் பாதியில் உட்கார்ந்துவிட்டதும் பாண்டிச்செல்வியின் கை மறுபடி சுருங்கியது. மூன்று பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு நாம் மறுபடி கடைசி. மறுபடி முதல் முறை நமக்கு. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி பூட்டியிருக்கிறது. பதினோரு பெண்கள் பட்டியலில் இருக்கிறார்கள். நம்மையும் சேர்த்து மிச்சமிருப்பது ஐந்தே கம்பெனி. ஐந்து பேருக்கு வேலை, ஆறு பேருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுப்பு. முதல் முறைக்காரர்கள் போர்மேன் கையெழுத்தோடு பெயரை இன்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இரண்டு வாரமாகத் தங்கள் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. நாங்கள் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்:

“போற நேரத்துல நான் ஒரு பேரச் சொல்லிட்டுப் போயி, அது வெளங்காமப் போனா ஒங்களத்தான ஏசுவாக? நாளைக்கு வாரவுக பாத்துக்கிடட்டும்.”

நாளைக்கு வருகிறவர் பாலகுரு. இதோ மேடையிலேயே இருக்கிறார். நல்லவர், ஒளித்துப் பேசாதவர். அவர் எங்களிடம் முகத்துக்கு நேரே சொன்னது: “அக்கா எழுதிக் குடுத்துட்டுப் போனாங்கன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன். எழுதலன்னா, கமிட்டிக்காரவுகள்ட்ட ஒரு நாள் தவணை கேட்டு நான் செல்லத்தாயத்தான் எழுதுவேன். ஜெயிக்கணும்ல?” அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான செல்லத்தாய் மட்டையைச் சுழற்றினால் பந்து கருவேலங்காட்டில்தான் விழும். முதலாளிக்கும் அந்தப் பெண்தான் பிடித்திருக்கிறது. தப்புச் சொல்ல முடியாது.

ஆனால் பட்டியலில் வேல்விழி என்று ஒரு கேட்சரும் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். லோடு ஏற்றி ஏற்றி முதுகு போய், கணவன் வீட்டோடு இருக்கிறான். செல்லத்தாயை நாம் விட்டாலும் அடுத்த முறைக்காரன் எடுத்துக்கொள்வான். அவளுக்கு வேலை நிச்சயம். வேல்விழியை நாம் விட்டால் எடுக்க ஆளில்லை. இதற்காக மட்டும் அவளை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இரக்கத்துக்கு ஆள் எடுத்தால் ஆட்டமும் போகும், ஆளும் கூசிப்போவாள் என்பது தங்களிடம் படித்ததுதான். நாங்கள் சொல்ல வந்தது வேறு.

போன வாரம் தேர்வு ஆட்டம் பார்க்க எல்லோரும் போனோம். வேல்விழி இரண்டு பந்தைத் தவறவிட்டாள். தாங்கள் உதட்டைப் பிதுக்கினீர்கள். பிறகு காற்றில் தண்ணீர் டிரம்மின் தகர மூடி விழுந்து ‘டமார்’ என்றது. வழக்கம்போல எல்லோரும் ஓடினோம். ராமுத்தாய் மட்டும் நின்றார்; இந்தத் தடவை முழங்கால் ஓட விடவில்லை. வேல்விழியும் ஓடினாள். அதைத் தாங்கள் பார்த்தீர்கள். “இவளும் ஓடுறா, ராமுத்தாயி மாதிரி நிக்கலயே” என்று சொல்லிக்கொண்டே மூச்சு வாங்கி உட்கார்ந்தீர்கள். மணிமுத்து தங்களை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. மூச்சிரைப்பு அடங்கட்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. பிறகு, உண்மையைச் சொன்னால், செல்லத்தாயா வேல்விழியா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு வழிக்கு வந்தோம்.

நடந்தது இதுதான். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அம்பயர் பந்தைத் தேடினார். மைதானத்தில் இல்லை, வேலியோரம் இல்லை. கடைசியாக முள்வேலியைத் தாண்டி, சேலைக்கரை கிழிந்து, முழங்கை கீறிக்கொண்டு வேல்விழி வந்தாள். கிளவுஸ் கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. விரித்தாள். உள்ளே பந்து.

“ஏத்தா, இதையுமா தூக்கிக்கிட்டு ஓடுன?” என்று கேட்டார் பாண்டிச்செல்வி.

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“கைல வாங்குன பொருள எப்படிக்கா கீழ போட?” என்றாள்.

அம்மையே, அவள் ஆறு ஆண்டு மருந்து அறையில் இருந்தவள். கீழே போடாதே என்பதும் ஓடு என்பதும் அவள் உடம்பில் ஒன்றாகக் கிடக்கிறது. ராமுத்தாய் ஓடாதவர் என்பதால் களத்தில் வைத்துக்கொண்டு, மருந்து அறையிலிருந்து தள்ளிவைத்தீர்கள். இந்தப் பெண்ணை இரண்டு இடத்திலும் விடலாம். தவறிய அந்த இரண்டு பந்து? ராமுத்தாய் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இடது முட்டிய இன்னுங்கொஞ்சம் வெளிய வைக்கணும், அம்புட்டுத்தான். பந்துக்குப் பயப்படல. நான் நின்னுக்கிட்டே சொல்லிக் குடுக்கேன், எனக்கென்ன.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் ஆண்டு தோற்போம். அது தெரியும். இரண்டாம் ஆண்டும் சொல்ல முடியாது. எங்களை ஏசுவார்கள், நாங்கள் ஏசிய ஏச்சைத் தாங்கள் வாங்கினீர்கள், எங்கள் பங்கை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். எங்கள் பயம் தோல்வியைப் பற்றியதல்ல. தாங்கள் போன பிறகு இந்த ஆலையில் முதலில் ஹாரனை மாட்டத் தொடங்கிவிடுவோமோ என்பதுதான்.

வாழ்க என்று முடிக்க வேண்டிய இடம் இது. தங்கள் மூச்சு சீராகட்டும். தங்கள் முழங்கால் நூறு வயதுவரை மடங்கி நிமிரட்டும். இனி வருகிற தீபாவளிகளில் வெடிச்சத்தம் கேட்டால் ஓடாமல், வீட்டு வாசலில் நின்று தாங்கள் ஒரு தடவையாவது வேடிக்கை பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட அந்த நாளைக்கு இனித்தான் நாள் வருகிறது.

இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் இப்போது தங்கள் கைக்கு வரப்போவது சட்டம் அல்ல. தங்கள் மேசையிலிருந்து எடுத்துவந்த அந்தத் தாள். பெயருக்கான இடத்தில் வேல்விழி என்று எழுதியிருக்கிறோம். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிடுங்கள். அந்த உரிமையும் தங்களுக்குத்தான். பேனா ராமுத்தாயின் கையில் இருக்கிறது. அவரால் குனிந்து தர முடியாது. தாங்கள்தான் எழுந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மணி இப்போது நாலரை. சங்கு ஊதுகிற வரைக்கும் நீங்கள்தான் எங்கள் போர்மேன்.

இப்படிக்கு,
தாங்கள் ஓடச் சொன்னபோது ஓடியதால் இன்று உயிரோடிருந்து கையெழுத்துப் போடுகிற
ஆலைப் பணியாளர்களும் அணிப் பெண்களும்,
ஏழாயிரம்பண்ணை.